ஜப்பான்காரருக்கு அகில் ஊதுபத்தி பரிசாகக் கொடுக்கலாமா?

கேள்வி: 2023 நவம்பர் 9

எங்கள் பிரிவுத் தலைவர் டிசம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஒசாகாக்காரர், பழைய பொருள்களில் ஆசை உள்ளவர். மற்றவர்கள் எல்லோரும் மதுப்புட்டிதான் வாங்குவார்கள். நான் நல்ல அகில் ஊதுபத்தி ஒரு பெட்டி, 5000 யென் அளவில், வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மரப்பெட்டி, உள்ளே பட்டுத்துணி, மேலே தூரிகை எழுத்து, பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது. அகில் நமக்கும் தெரிந்த வாசனைதானே? இதைவிடப் பொருத்தமான பரிசு கிடைக்குமா?

நவம்பர் 9, இரவு

வேண்டாம். அந்த மரப்பெட்டியைக் கீழே வையுங்கள்.

இதை நான் செய்து பார்த்துவிட்டேன். 2017-இல், ஒசாகாவை ஒட்டிய சகாய் என்ற ஊரில், ஒரு பழைய மரவீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும். அந்த அம்மாவுக்கு 77 நிறைந்தது. அங்கே அதை 'கிஜு' என்று கொண்டாடுவார்கள், நம் சதாபிஷேக ஆர்ப்பாட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் பேரன்கள் எல்லாம் வந்து கூடுவார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெறுங்கையோடு போவதா என்று கடைக்குப் போய், உங்களைப் போலவே மரப்பெட்டியில் மயங்கினேன். கடைப்பெண் 'கட்டுத்தாள் போடட்டுமா' என்றாள், போடுங்கள் என்றேன். 'மேலே என்ன எழுதட்டும்' என்றாள், எது வழக்கமோ அதையே எழுதுங்கள் என்றேன். என் ஜப்பானிய மொழி அப்போது அவ்வளவுதான். அவள் வழக்கமானதையே எழுதினாள், மஞ்சளும் வெள்ளையுமாகக் கயிறும் கட்டிக் கொடுத்தாள். அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் வெள்ளைக் கயிறு அந்தப் பக்கத்தில் இறந்தவர்களுக்கான சடங்குக்குக் கட்டுவது. அவள் எழுதியிருந்த 'ஒசொனாயே' என்ற சொல்லுக்குப் படையல் என்று பொருள்.

வீட்டுக்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மகள் கூரையைப் பார்த்தாள். கணவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்தை ஒருமுறை படித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: 'இது யாருக்கு? அவளுக்கா, எனக்கா?'

அப்புறம் வீடே சிரித்தது, நான் மட்டும் ஏன் என்று தெரியாமல் கூடச் சிரித்தேன். மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் விளக்கினார். அன்று மாலை நான் முன்வாசல் வழியாகப் போகவே இல்லை, பின்பக்கப் படியில் ஏறினேன்.

நவம்பர் 10

நேற்று கதை சொன்னதில் காரணம் சொல்ல விட்டுப்போனது.

'சென்கோ' என்ற நீளக் குச்சி ஊதுபத்தி அங்கே முதலில் இறந்தவர்களுக்கானது. பல வீடுகளில் முன்னோருக்கு ஒரு சின்ன மாடம், 'புட்சுதான்', இருக்கும். காலையில் அதன்முன் மணியைத் தட்டி, குச்சி ஏற்றிக் கும்பிடுவார்கள். துக்க வீட்டில் கொடுக்கும் பணத்துக்கே 'கோடென்' என்றுதான் பெயர், அதில் 'கோ' என்பது வாசனைப்புகைதான். முன்காலத்தில் புகைப்பொருளையே கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பின்னால் அது பணமாகிவிட்டது. அதனால் கட்டுத்தாள் போட்ட மரப்பெட்டியில் அகில் குச்சி என்றால் பார்த்தவுடனே 'யார் போய்விட்டார்கள்' என்றுதான் தோன்றும். ஓய்வு பெறுகிறவர் கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நம் ஊரில் ஒருவர் பிறந்தநாளுக்கு, ரோஜா நல்ல பூதானே என்று, பெரிய மலர்வளையமாக வாங்கிப்போய் நின்றால் எப்படி இருக்கும்?

நவம்பர் 10, கொஞ்ச நேரம் கழித்து

'அப்படியானால் ஜப்பானில் யாரும் ஆசைக்காக ஊதுபத்தி வாங்குவதே இல்லையா' என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது தப்பு.

வாங்குகிறார்கள். ஆனால் அதை 'ஒகோ' என்பார்கள். அதே அகில், அதே சந்தனம், சில சமயம் அதே கடை. குச்சி மட்டும் கட்டையாக, விரல் நீளம்தான் இருக்கும். கூம்பு, சுருள் வடிவத்திலும் வரும். பெட்டி காகிதத்தில், கலர் கலராக, பூ பெயரோ பருவத்தின் பெயரோ வைத்து. இது அறைக்கு, அது மாடத்துக்கு. மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குத்தான் வேறு வேறு. இது புரிய எனக்கு 2 வருஷம் ஆனது.

தலைவருக்கு நியோய்புகுரோ பாருங்கள். கையளவு பட்டுப் பையில் சந்தனம், கிராம்பு, பட்டை, கற்பூரம் எல்லாம் நறுக்கிப் போட்டுக் கட்டியிருக்கும். கொளுத்தவே வேண்டாம், சட்டைப் பெட்டியில் போட்டு வைப்பது. சாவு வாடை இல்லாத வாசனை. அகில்தான் வேண்டும் என்றால் கட்டைக்குச்சி ஒகோ, கூடவே ஒரு பீங்கான் கிண்ணமும் கொஞ்சம் சாம்பலும். கடையில் முதல் வாக்கியமே 'ஓய்வு பெறுகிறவருக்கு' என்றிருக்கட்டும். எது வழக்கமோ அதையே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எண்ணிக்கையில் 4, 9 வேண்டாம். 4-ஐ 'ஷி' என்றால் சாவு, 9-ஐ 'கு' என்றால் துன்பம், இரண்டும் அதே ஒலி.

நவம்பர் 12

ஞாயிற்றுக்கிழமை, மழை, வேலை இல்லை. அகிலைப் பற்றியே கொஞ்சம்.

அங்கே இதன் பெயர் 'ஜின்கோ', அமிழும் வாசனை என்று பொருள். பிசின் ஊறிய கட்டை தண்ணீரில் மூழ்கும், அதனால் அந்தப் பெயர். சும்மா நிற்கும் மரத்தில் வாசனை கிடையாது. காயம் பட்டு, பூச்சி துளைத்து, பூஞ்சை ஏறினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது, அந்தக் கறுத்த பகுதிதான் அகில். ஜப்பானில் இந்த மரம் வளர்வதில்லை. வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா என்று எல்லாமே கடல் தாண்டி வந்தவை. அதில் உச்சம் 'கியாரா', பெரும்பாலும் வியட்நாமிலிருந்து. கிராம் கணக்கில் எடை போட்டு விற்கிறார்கள், நகைக்கடையில் நிற்பது போல இருக்கும்.

முதல் கட்டை 595-இல் அவாஜி தீவில் கரையொதுங்கியதாக ஜப்பானின் பழைய வரலாற்று ஏடான நிஹொன் ஷோகி சொல்கிறது. தீவுக்காரர்களுக்கு என்னவென்று தெரியவில்லை, விறகோடு சேர்த்து அடுப்பில் வைத்தார்கள். புகை எங்கெங்கோ மணக்கவும் பயந்துபோய் அரசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இளவரசர் ஷோதோகு பார்த்தவுடனே இது அகில் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு இளவரசரைவிட அந்த அடுப்புக்காரர்களைத்தான் பிடிக்கும். அன்றைக்கு அதில் என்ன சமைத்தார்களோ! அதே அவாஜியில்தான் இன்று ஜப்பானின் ஊதுபத்தியில் பெரும்பகுதி தயாராகிறது. ஆனால் அந்தத் தொழில் 1850 வாக்கில்தான் அங்கே வந்தது, கரையொதுங்கிய கட்டைக்கும் அதற்கும் நேர்த் தொடர்ச்சி கிடையாது.

நமக்கும் இது அந்நியம் இல்லை. சங்கப் பாட்டுப் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டியது இதே அகிற்புகைதானே.

நவம்பர் 13

இரண்டு திருத்தம். இளவரசர் அடையாளம் கண்டது பிற்கால நூல்களில் வரும் கதை. நிஹொன் ஷோகியில் கட்டை வந்தது, எரித்தது, கொடுத்தது, அவ்வளவுதான். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, கொஞ்சம் காரமாகச் சொன்னீர்கள், பரவாயில்லை.

அடுத்தது, 'இதே அகிற்புகை' என்று நான் அவசரப்பட்டு எழுதியது. மலையருவி உருட்டிக்கொண்டு வரும் அகில் என்று சங்கப் பாட்டில் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளகிலாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வேம்பு குடும்பத்து மரம், இதற்கு உறவே இல்லை. சிலப்பதிகார மதுரையில் கொண்டல் காற்றோடு கப்பலில் வந்திறங்கும் அகில் வேறு, அதுதான் கீழ்க்கடல் சரக்கு, ஜப்பானுக்குப் போனதன் பங்காளி. ஒரே பெயரில் இரண்டு மரம். எங்கள் தெருவில் இரண்டு முருகேசன் இருந்தார்கள், தபால் எல்லாம் மாறிப் போகும், அந்த மாதிரி.

நவம்பர் 19

விலை உயர்ந்த பத்திக்கும் மலிவானதற்கும் வித்தியாசம் உண்மையில் தெரியுமா என்று கேட்டவருக்கு: எனக்குத் தெரியாது. நிரூபணமே இருக்கிறது.

கியோத்தோவில் ஒரு தடவை 'கோதோ' கூட்டத்தில் உட்கார்ந்தேன், வாசனையை ரசிப்பதற்கென்றே உள்ள கலை அது. வாசனையை அங்கே முகர்வதில்லை, 'கேட்பார்கள்', வினைச்சொல்லே அதுதான். கிண்ணத்தில் வெள்ளைச் சாம்பல், அதற்குள் புதைந்த கரித்துண்டு, மேலே ஒரு மைக்காத் தகடு, அதன்மேல் நகத்துணுக்கு அளவுக்கு அகில். புகை வரக்கூடாது, சூட்டில் மணம் மட்டும் எழ வேண்டும். கிண்ணத்தைக் கையால் மூடி மூன்று மூச்சு, பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு.

அன்று விளையாடியது 'கெஞ்சிகோ'. 5 வகை அகில், வகைக்கு 5 பொட்டலம், ஆக 25. அதைக் கலைத்து 5 எடுத்துச் சுற்றில் விடுவார்கள். எது எதோடு ஒன்று என்று கண்டுபிடித்து 5 செங்குத்துக் கோடு போட்டு, ஒன்றானவற்றை மேலே இணைக்க வேண்டும். மொத்தம் 52 விதமாக இணைக்கலாம். 'கெஞ்சியின் கதை' என்ற பழைய ஜப்பானிய நாவலில் 54 அத்தியாயம், முதலும் கடைசியும் போக 52, ஒவ்வொரு கோலத்துக்கும் ஓர் அத்தியாயப் பெயர். கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும்.

நான் ஐந்தையும் இணைத்தேன், எல்லாம் ஒன்றே என்று. பதட்டத்தில் கரிவாசனைதான் அடித்தது. அந்தக் கோலத்தின் பெயர் 'தெனராய்'. எழுதிப் பழகுவது என்று பொருள். நடத்திய அம்மா என் தாளைப் பார்த்து, 'நல்ல தொடக்கம்' என்றார். சரியான விடையில் மூன்று வகை இருந்தன.

மூக்கு இப்படி என்பதால் சொல்கிறேன், 5000 யென் பெட்டிக்கும் 15000 யென் பெட்டிக்கும் நடுவில் குழம்பாதீர்கள். சின்னப் பெட்டியாக, நல்லதாக வாங்குங்கள்.

அகில் விஷயத்தில் இன்னொன்று. நாராவில் தோதாய்ஜி கோயிலை ஒட்டிய ஷோசோயின் பண்டகசாலையில் 'ரஞ்சதாய்' என்றொரு அகில் கட்டை இருக்கிறது, சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், 11.6 கிலோ. ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளராக இருந்த அஷிகாகா யோஷிமாசா வெட்டினார், 1574-இல் போர்த்தலைவர் ஓதா நொபுனாகா வெட்டினார், 1877-இல் மெய்ஜி பேரரசர் வெட்டினார். யார் எங்கே வெட்டியது என்று துண்டுச்சீட்டு வேறு ஒட்டியிருக்கிறது. கடைசி அஷிகாகா ஷோகுனை விரட்டிய கையோடு நொபுனாகா கேட்டது ஒரு மரத்துணுக்கு.

நவம்பர் 21

ஊருக்கு அனுப்பலாமா என்றால், நானும் அனுப்பினேன். ஜப்பானியக் குச்சிக்குள் மூங்கில் கிடையாது, முழுக்க மாவு. தபு என்ற மரத்தின் பட்டைத்தூள்தான் பசை, பிசைந்து சேமியா போலப் பிழிந்து காயவைப்பது. அதனால்தான் கருகிய மூங்கில் வாடை இல்லாமல் கடைசிவரை ஒரே சீராக எரிகிறது. அதனால்தான் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசி தூளாகவும் இருந்தது.

அம்மா வீணாக்குவாரா? தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணிக்குப் பதில் ஒரு பிடி அள்ளிப் போட்டார். மரப்பட்டை கருகிய நாற்றம், ஒரே புகை. தொலைபேசியில், 'இதுக்கா அத்தனை காசு? கஷாயம் அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு' என்றார். உடையாத குச்சியிலும் ஒரு தொல்லை, நம் ஊர்ப் பத்தித்தட்டின் துளையில் அது நிற்காது, சாய்ந்துவிடும். கிண்ணத்தில் மணலோ சாம்பலோ போட்டு நடுங்கள். கையில் எடுத்துப் போகிறவர்கள் கட்டைத்துண்டு வாங்காதீர்கள், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் அகில் மரம் இருக்கிறது. சில்லறைக்குக் கட்டிய பத்திக்கு விலக்கு உண்டு, அந்த விலக்கு கட்டைத்துண்டுக்கு இல்லை.

டிசம்பர் 3

இந்த இழையை எழுதிக்கொண்டிருந்தபோதே தபால்பெட்டியில் வந்து கிடந்திருக்கிறது, இன்றுதான் எடுத்தேன். சாம்பல்நிற ஓரம் போட்ட அஞ்சலட்டை, வீட்டுக்காரம்மாவிடமிருந்து. 'துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப இயலாது.' வீட்டில் சாவு விழுந்த வருஷம் புத்தாண்டு அட்டை அனுப்பமாட்டார்கள், அதை முன்கூட்டியே இப்படித் தெரிவிப்பார்கள். 'மோச்சூ ஹகாகி' என்பார்கள்.

கணவர் ஆகஸ்டில் இறந்திருக்கிறார், 86 வயது. சகாயில் 40 வருஷம் கத்திக்குச் சாணை பிடித்தவர். 'அவளுக்கா, எனக்கா' என்று நான் மூன்று வாரம் முன்னால்தான் இங்கே எழுதிச் சிரித்தேன்.

இப்போது எனக்கும் அதே கேள்வி, வேறு பக்கத்திலிருந்து. இந்த அட்டை கிடைத்தால் அனுப்ப வேண்டியது எது தெரியுமா? அகில் குச்சிதான். கட்டுத்தாள், மரப்பெட்டி எல்லாம் வைத்து.

டிசம்பர் 4

அனுப்பிவிட்டேன். கடைக்காரர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் இந்த முறை ஒழுங்காகப் பதில் சொன்னேன். அதே எழுத்து, அதே கயிறு. புகை குறைந்த வகை வேண்டுமா என்றார், அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் கேட்பார்களாம். அது மரவீடு, ஒழுகும் வீடு, புகை தானே போய்விடும் என்றேன்.

டிசம்பர் 16

வீட்டுக்காரம்மா தொலைபேசியில் பேசினார். நன்றி சொல்லிவிட்டு, 'அந்த முதல் பெட்டி நல்ல பெட்டி. ரெண்டே மாசத்தில் தீர்ந்துபோச்சு. அப்புறம் நீ வாங்கியே தரலை' என்றார்.

6 வருஷமாக நான் அந்தப் பெட்டியை நினைத்துக் கூசிக்கொண்டிருக்கிறேன். அவர் தினமும் காலையில் மாமியார் படத்துக்கு ஏற்றி, மிச்சத்தை அடுப்படியில் மீன் வாடைக்கும் ஏற்றியிருக்கிறார்.

ஆகையால் நவம்பர் 9-இல் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மாடம் இருக்கிற வீடு, தினமும் ஏற்றுகிற வயசானவர், நன்றாகப் பழகியவர் என்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம், கயிறும் எழுத்தும் இல்லாமல் கொடுங்கள். அலுவலகத் தலைவருக்கு மட்டும் இன்னும் வேண்டாம்தான்.

டிசம்பர் 29

கேள்வி கேட்டவர் தகவல் சொல்லியிருக்கிறார். நியோய்புகுரோ கொடுத்தாராம். தலைவர் அதைக் காரில் கண்ணாடிமுன் தொங்கவிட்டுக்கொண்டாராம். எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிற இடம்! சரி, அவர் கார்.

2024 ஆகஸ்ட் 18

இழை மூடிக்கிடக்கும் என்று நினைத்தேன், திறந்தே இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

ஒபோனுக்கு சகாய் போனேன். நம் மகாளய பட்சம் மாதிரி முன்னோரை நினைக்கிற நாள்கள், அந்தப் பக்கம் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. மாடத்தின் முன் உட்கார்ந்து, குச்சியை ஏற்றி, சாம்பலில் நேராக நட்டேன். பெருமையாகத் திரும்பினால் வீட்டுக்காரம்மா முகத்தில் அதே பழைய சிரிப்பு. அவர்கள் பௌத்தத்தில் ஜோதோ ஷின்ஷூ பிரிவு. அதில் நடமாட்டார்கள், குச்சியை உடைத்து, ஏற்றி, சாம்பல்மேல் படுக்கவைப்பார்கள். அந்த வீட்டு மாடியிலேயே இருந்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. பிடுங்கி, இரண்டாக உடைத்து, படுக்க வைத்தேன். உடைந்த குச்சியை மதுரையில் வீண் என்று நினைத்தோமே, இங்கே உடைப்பதுதான் முறை.

16-ஆம் தேதி புயலால் நகோயாவுக்கும் தோக்கியோவுக்கும் நடுவே ஷிங்கான்சென் அதிவேக ரயில் ஓடவில்லை, ஒருநாள் கூடுதலாகத் தங்கினேன். இந்த முறை கொண்டுபோன பெட்டி முதல் பெட்டியைப்போல மூன்று மடங்கு விலை. சாயங்காலம் அதை ஏற்றிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். என்ன விலை என்றார். சொன்னேன்.

'உன்னை ஏமாத்திட்டாங்க' என்றார். 'அடுத்த தடவை அந்தப் பழைய பெட்டியே வாங்கி வா.'